பசியடக்கி மாத்திரையும் நாலாவது மாடியும்

லிஃப்ட் மெக்கானிக் தன் வயிற்றைக் குறைத்தே தீருவதென்று உறுதி எடுத்தபோது, அவர் ஒரு லிஃப்ட் கூரையின் திறப்பில் செருகிக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தார். பாதி மெக்கானிக் மேலே, பாதி மெக்கானிக் கீழே. இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்தபிறகுதான் இரண்டு பாதியும் ஒன்று சேர்ந்தன.

"மாசக் கடைசிக்குள்ள இதுல நுழைஞ்சு காட்டுங்க" என்றார் சூப்பர்வைசர். "இல்லேன்னா ஆபீஸ்ல உட்கார்ந்து போன் எடுங்க."

ஸ்பேனர் பிடித்த கையில் போனா? மெக்கானிக் அன்று ராத்திரியே வீட்டில் விஷயத்தைச் சொன்னார்.

"தட்டுல பாதியைக் குறைங்க. தினம் நடங்க" என்றாள் மனைவி.

"அதெல்லாம் எனக்கு ஒத்து வராது. என் வழியில குறைச்சுக் காட்டறேன் பாரு."

"உங்க வழி மருந்துக்கடைப் பக்கம் போகாம இருந்தா சரி."

மறுநாளே போயிற்று.

"டாக்டர் சீட்டெல்லாம் வேண்டாம் சார்" என்றார் மருந்துக்கடைக்காரர். "சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு போடுங்க. பசி உங்க தெருவுக்கே வராது."

மாத்திரை பாட்டிலை எங்கே ஒளிப்பது? அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலிருந்த அவர்கள் வீட்டில் மனைவி கண்ணுக்குத் தப்பி ஒரு குண்டூசி இருக்க முடியாது. அதனால் நாலாவது மாடிக்கு மேலே, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தார். வேளாவேளைக்கு லிஃப்டில் மேலே போய், ஒரு மாத்திரையை முழுங்கி, லிஃப்டிலேயே இறங்கி வந்தார்.

இறங்கி வந்ததும் தைரியமாக உட்கார்ந்தார்.

"இன்னொரு கரண்டி வை."

"மூணாவது தடவை கேட்கறீங்க."

"வை, வை. உள்ளே ஆள் இருக்கு, பார்த்துக்கும்."

உள்ளே இருந்த ஆள் எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. பத்தே நாளில் பெல்ட்டைத் தளர்த்த, நுனியில் புதிதாக ஓட்டை போட வேண்டியதாயிற்று.

அந்தச் சமயம் பார்த்து லிஃப்ட் நின்றது. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் அவர் மனைவிதான். 'பழுது. பொறுத்துக்கொள்ளவும்' என்று அட்டை எழுதி மாட்டிவிட்டாள்.

"நான் ஒரு கை பார்க்கட்டுமா?" என்றார் மெக்கானிக்.

"அது வேற கம்பெனி லிஃப்டுங்க. அடுத்த கம்பெனிப் பெட்டியில கை வச்சா வேலை போயிடும்னு நீங்கதானே சொல்வீங்க."

அது தொழில் தர்மம். வேளாவேளைக்கு நாலு மாடி ஏறினார். முதலில் ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்தார். பிறகு ஒன்றுவிட்டு ஒன்றில் உட்கார்ந்தார். திரும்பி வந்தால் மூச்சு வாங்கியதே தவிர, இன்னொரு கரண்டி கேட்க வாய் வரவில்லை.

மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று உள்ளூரச் சிரித்துக்கொண்டார்.

மாசக் கடைசியில், சூப்பர்வைசர் கண்ணெதிரே கூரைத் திறப்பில் எலிபோல நுழைந்து வெளியே வந்தார். நேராக வீட்டுக்குப் போய் மனைவி முன்னால் பெல்ட்டை இழுத்துக் காட்டினார்.

"பார்த்தியா? நடக்கவும் இல்லை, பட்டினி கிடக்கவும் இல்லை. எல்லாம் மாத்திரை."

"தொட்டிக்குப் பின்னாடி இருந்ததே, அதுவா?"

மெக்கானிக்கின் கை பெல்ட்டிலேயே நின்றுவிட்டது. "உனக்கு எப்படி…"

"தண்ணி அளவு பார்க்கப் போனப்ப பார்த்தேன். சரி, வேலைதான் முடிஞ்சுதே, லிஃப்டைப் போட்டுவிடறேன்."

"யார் வந்து ரிப்பேர் பண்ணினா?"

"அதுல என்ன ரிப்பேர்? நான்தான் மெயின் சுவிட்சை அணைச்சு வச்சிருந்தேன்."

மெக்கானிக் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். ஆனாலும் விடவில்லை. "இருக்கட்டுமே. இளைச்சது மாத்திரையாலதான்."

"அப்படியா? மாடி வீட்டுக்காரங்க அத்தனை பேரும் இளைச்சிருக்காங்களே, அவங்களுக்கெல்லாம் நீங்கதான் மாத்திரை கொடுத்தீங்களா?"