பார்சல் பிரிவில் ஸ்விங் பிறந்த கதை

மனிதன் நெருப்பு மூட்டியதற்குப் பிறகு நடந்த மகத்தான காரியம் எங்கள் குழாய்க் கம்பெனியின் பார்சல் பிரிவில்தான் நடந்தது என்று அடித்துச் சொல்வேன். 'ஸ்விங் நிர்வாகம்' என்னும் தத்துவம் அங்கேதான் அவதரித்தது.

பிரிவில் நாங்கள் மூவர். நான் குழாயைப் பெட்டியில் வைத்துக் கட்டுவேன். நடு மேசை அக்கா விலாசம் சரிபார்ப்பார். கடைசி மேசை மச்சான் முத்திரை குத்துவார். மூவரில் ஒருவர் 'உபரி' என்று முதலாளி கண்டுபிடித்திருந்தார். யார் என்பதுதான் பாக்கி. அக்கா வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான். எனக்கும் பயம்தான், பொய் சொல்வானேன்?

சீட்டைக் கிழிக்க நம் முதலாளி என்ன ஈவிரக்கமற்றவரா? கலாரசிகர்! உபரி யார் என்று தாளம் போட்டே பார்த்துவிட மூவரையும் கூட்ட அறைக்கு அழைத்து, ஒரு தாள நிபுணரை எதிரே நிறுத்தினார்.

"ஒரு தாள அடியை மூணு சம பங்கா வெட்டுங்க. த, கி, ட. இதான் ட்ரிப்லெட்" என்றார் நிபுணர்.

நான் 'த' தட்டினேன், அக்கா 'கி', மச்சான் 'ட'. தகிட தகிட என்று அறையே துள்ளியது. அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதலாளியின் தொப்பை தனியாகத் தாளம் போட்டது.

"இப்ப நடுவுல இருக்கிற 'கி' மட்டும் சத்தம் போடாதீங்க. 'த' அந்த இடத்துக்கும் சேர்த்து நீளும். த...ட, த...ட. இதான் ஸ்விங்!"

அடடா! நாற்காலிகூட இடுப்பை ஆட்டியிருக்கும். முதலாளி துள்ளி எழுந்தார்.

"நடுவுல ஆளே வேணாம்! ரெண்டு பேரே போதும்!"

அக்காவின் சிரிப்பு நின்றது. "சார், நான் சும்மா இல்ல. மனசுக்குள்ள 'கி' சொல்லிட்டேதான் இருக்கேன். அது இல்லாட்டி மச்சான் 'ட'-வை எங்க கொண்டுபோய் வைப்பாரு?"

"அம்மா சொல்றது நூத்துக்கு நூறு சரி" என்றார் நிபுணர்.

"நீங்க காபி சாப்பிடுங்க" என்றார் முதலாளி.

அன்று மாலையே அக்கா தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு வருத்தம்தான். ஆனாலும் தத்துவம் பெரிதல்லவா? மறுநாள் அக்காவின் விலாச வேலையையும் சேர்த்து நான் இரண்டு பங்கு நீண்டேன். மச்சான் அவசரப்பட்டு என் கட்டைவிரலில் முத்திரை குத்தினார். பல் டாக்டருக்கு ஆறு கழிப்பறைக் குழாய் போய்ச் சேர்ந்தது. "எந்தப் பல்லுக்குய்யா இது?" என்று அவர் போனில் கத்தினார். முன்னேற்றம் என்றால் நாலு சத்தம் வரத்தான் செய்யும்.

அடுத்த வாரமே நடு மேசைக்கு ஆள் வந்துவிட்டார், முதலாளியின் மைத்துனர். பெட்டியைத் தொடுவதில்லை, விலாசத்தைப் பார்ப்பதில்லை. அவர் இடத்திலிருந்து ஒரு சத்தமும் வருவதில்லை. என்ன தாள சுத்தம்!

நடு ஒலி கேட்கக் கூடாது என்றுதான் நிபுணர் சொன்னார். அது முதலாளியம்மாவோடு கூடப் பிறந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்காவையும் அந்த வீட்டிலேயே பிறக்கச் சொல்லியிருப்போம்.