இரும்பு யானையின் சமையல்காரர் எம்.சி.யில் இருக்கிறார்

ஒரே ஒரு காட்சியைக்கூடப் பார்க்காமல் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு ஐந்து வருடம் தீர்ப்பு சொன்ன மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டினார். ஓட்டினார் என்பதுகூட ஒரு மரியாதைக்குத்தான். பஸ் தன்பாட்டில் ஃபெடரல் ஹைவேயில் போய்க்கொண்டிருக்கும். அவர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்து வழக்கு விசாரித்துக்கொண்டிருப்பார். அவர் பெயர் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நாங்கள் எல்லாரும் அவரை நடுவர் அண்ணே என்றுதான் கூப்பிட்டோம்.

எண்பதுகளில் பிரிக்ஃபீல்ட்ஸ், ஸ்காட் ரோட்டு முனையில் நாற்பது பெண்களை ஏற்றிக்கொண்டு சுங்கை வேயில் ஒரு ஜப்பான்காரத் தொழிற்சாலையில் இறக்கிவிடுவது அவர் வேலை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டவைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை மின்னணுச் சில்லில் ஒட்டுவது எங்கள் வேலை. அந்த வேலையின்போது பேசக் கூடாது. எட்டு மணி நேரம் பேசாமல் இருக்கப்போகும் நாற்பது பெண்களை ஒரு பஸ்ஸில் அடைத்தால் என்ன ஆகும் என்று கம்பெனி யோசிக்கவில்லை.

அப்போது திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஆறரைக்கு டிவியில் ஒரு ஜப்பான் கார்ட்டூன் மலாயில் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் வைத்த பெயர் 'இரும்பு யானை'. ஒரு சுருட்டைத் தலையன் இரும்பால் ஆன யானைக்குள் உட்கார்ந்து வானத்தில் பறப்பான். ஒற்றைக் கண் வில்லன் ஒருவன் துரத்துவான். அவ்வளவுதான் கதை. ஐந்து வருடம் துரத்தினான். யானை எப்படிப் பறக்கும் என்று யாரோ கேட்டதற்கு, "காது எவ்ளோ பெருசு, பாத்தீங்களா லா?" என்று நடுவர் அண்ணே முதல் வாரமே தீர்ப்பு சொல்லிவிட்டார். அவர் அந்தக் காதைப் பார்த்ததில்லை. ஆறரை மணிக்கு அவர் வேறொரு கம்பெனி ஆட்களை ஏற்றிக்கொண்டு கிள்ளான் பாதையில் இருப்பார்.

பிறகு கதை எப்படித் தெரியும்? அதற்கு எங்கள் ஷிப்டைப் புரிந்துகொள்ள வேண்டும். ஏ ஷிப்ட் ஒரு வாரம் காலையில் வேலை செய்யும், பி ஷிப்ட் மாலையில். அடுத்த வாரம் மாறிக்கொள்வோம். காலை வேலைக்காரர்கள் மாலையில் வீட்டிலிருந்து தொடரைப் பார்ப்பார்கள். மாலை வேலைக்காரர்கள் அந்த நேரம் மைக்ராஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே முதல் நாள் பார்த்தவர்கள் விடியற்காலை பஸ்ஸில் நடுவர் அண்ணேயிடம் கதை சொல்வார்கள். அவர் அதைப் பத்திரமாக வைத்திருந்து, பகல் இரண்டு மணிக்கு ஏறும் மற்ற ஷிப்டுக்குச் சொல்வார். எல்லாருக்கும் ஒரு வாரம் பார்ப்பது, ஒரு வாரம் கேட்பது. அவருக்கு மட்டும் எல்லா வாரமும் கேட்பது.

கதை முடிந்ததும் பட்டிமன்றம். பஸ்ஸின் இடது பக்க இருக்கைகள் 'தொடரின் நிறை'. வலது பக்கம் 'தொடரின் குறை'. ஸ்காட் ரோட்டு முனைக்குத் தாமதமாக வந்தவர்கள் கிடைத்த இடத்தில் உட்கார வேண்டியதுதான். என் கருத்து பலமுறை மாறியிருக்கிறது. கொள்கை காரணமல்ல, காலி இருக்கைதான்.

வலது பக்கத்துத் தலைவி சரோஜா. ஏ ஷிப்ட். வாய் என்றால் அப்படி ஒரு வாய்.

"அண்ணே, சுருட்டைத் தலையன் மலையிலேருந்து விழுறான். திங்கக்கிழமை விழ ஆரம்பிச்சான். இன்னிக்கு வியாழன். இன்னும் தரைக்கு வரல. இது குறையா இல்லையா?"

"நாலு நாளா விழுறானா?" நடுவர் அண்ணே நெற்றியைச் சுருக்குவார். "அதுக்குள்ள நான் ஈப்போ போயி, சாப்பிட்டு, திரும்பி வந்துருப்பேனே லா."

இடது பக்கம் விடுமா? "விழும்போது சின்ன வயசுக் கதையெல்லாம் ஞாபகம் வருதுண்ணே! நாலு வருஷக் கதை நாலு நாள்ல வரக் கூடாதா?"

"அதுவும் நியாயம்தான். பெரிய மலை போல இருக்கு."

"அடிக்கிறதுக்கு முன்னாடி ஆயுதம் பேரைச் சொல்லிட்டுத்தான் அடிக்கிறான்! எதிரி நின்னு கேட்டுக்கிட்டே இருக்கான்!"

"மரியாதை தெரிஞ்ச எதிரி" என்பார் அண்ணே. அத்தோடு பஸ் எங்கள் கம்பெனியைத் தாண்டிப் பக்கத்து சோப்புத் தொழிற்சாலை வாசலில் நிற்கும். காவலாளி கையை ஆட்டி, "உங்க கம்பெனி பின்னால இருக்கு, பாஸ்" என்பார். மாதத்துக்கு இரண்டு முறையாவது.

இந்தத் தொடரில் எல்லாரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒரே நிறை, யானையின் வயிற்றுக்குள் இருந்த சமையல்காரர். குண்டு மனிதர், பாதி வழுக்கை, எப்போதும் கையில் கரண்டி. உலகம் அழியப்போகிறது என்று மற்றவர்கள் கத்திக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் சுருட்டைத் தலையனிடம், "சாப்பிட்டாயா?" என்று கேட்பார். குக் என்றால் பி ஷிப்ட் லெச்சுமிக்காவுக்கு உயிர். தொழிற்சாலையிலேயே மூத்தவர் அவர்தான். கணவர் இறந்த பிறகு ஸ்காட் ரோட்டில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். "அந்த யானையில மனுசன்னா அவர் ஒருத்தர்தான்" என்பார். அதற்கு மேல் விளக்கம் கேட்டால் முறைப்பார்.

அந்தச் சமையல்காரரைத்தான் ஒரு புதன்கிழமை ஒற்றைக் கண்ணன் கொன்றுவிட்டான்.

வியாழக்கிழமை விடியற்காலை ஏ ஷிப்ட் பஸ் இழவு வீடு மாதிரி இருந்தது. அப்போது நான் ஏ ஷிப்ட். நான்தான் அண்ணேயிடம் சொன்னேன். இடது பக்கம் அழுதது, வலது பக்கமும் அழுதது. நடுவர் அண்ணே பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகம் தெரியாத ஒரு கார்ட்டூன் மனிதருக்காக!

பகல் இரண்டு மணிக்கு லெச்சுமிக்கா ஏறினார். கையில் ஒரு பொட்டலம் பீசாங் கோரேங், எண்ணெயில் பொரித்த வாழைப்பழம், அண்ணேக்கு. முதல் வார்த்தையே, "நேத்து குக்குக்கு அடிபட்டுச்சாமே, எப்படி இருக்கார்?"

அண்ணே பிறகு என்னிடம் சொன்னார்: "வாழைப்பழம் சூடா இருந்திச்சி, தங்கச்சி. சூடா பலகாரம் குடுத்த ஆள் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது? வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"எம்.சி.யில இருக்கார்னு."

மருத்துவ விடுப்பு. எங்கள் கம்பெனியில் எம்.சி. இரண்டு நாள் கிடைக்கும். இரும்பு யானைக் கம்பெனியில் சமையல்காரருக்கு ஆறு வாரம் கிடைத்தது.

அடுத்த திங்களே மேற்பார்வையாளர் என்னை பி ஷிப்டுக்கு மாற்றிவிட்டார். பஸ்ஸில் ஏறிய என்னைப் பார்த்ததும் நடுவர் அண்ணே முகம் வெளிறிவிட்டது. தனக்கு நேர் பின்னால் இருக்கையைக் காட்டினார். "இங்கதான் உக்காரணும். வாயத் தொறந்தீங்க, நான் செத்தேன்." அன்றிலிருந்து எனக்குக் கருத்தே கிடையாது. நிறையும் இல்லை, குறையும் இல்லை, பொய்க்குக் காவல் மட்டும்தான்.

பி ஷிப்ட் தொடரைப் பார்க்கும் வாரங்கள்தான் ஆபத்து. ஒரு நாள் காலை லெச்சுமிக்கா ஏறும்போதே கேட்டார்:

"ஏன்ணே, நேத்து குக் படத்தைச் சுவத்துல மாட்டி, பூ வெச்சி, ஊதுபத்தி கொளுத்தியிருந்தாங்க. சுருட்டையன் கும்பிட்டான். என்னா அது?"

கண்ணாடியில் அண்ணேயின் கண்கள் என்னைத் தேடின. நான் ஜன்னல் வழியாக பங்சார் தெருக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது... இந்த மாசத்துச் சிறந்த ஊழியர், அக்கா. நம்ம கேண்டீன்ல போட்டோ மாட்டுறாங்கல்ல, அது மாதிரி."

"ஊதுபத்தி?"

"ஜப்பான்காரங்க லா. கம்பெனி விசுவாசம் அப்படி."

லெச்சுமிக்கா, "நம்ம கேண்டீன்ல பூகூட வெக்கறதில்ல" என்று அலுத்துக்கொண்டார். பஸ்ஸில் இருந்த மற்றவர்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். யாரும் மூச்சு விடவில்லை.

அடுத்த வாரம் நாங்கள் கேட்கும் முறை. அண்ணே குக்கை வேலைக்குத் திரும்ப அழைத்துவிட்டார். ஆனால் லைட் டியூட்டி. காய்கறி வெட்டலாம், சட்டி தூக்கக் கூடாது. அவரைச் சமைக்கவைத்த நாட்களில் அண்ணேக்கு வந்த உற்சாகம் இருக்கிறதே! ஒற்றைக் கண்ணன் குண்டு போடுவதை இரண்டு வரியில் முடித்துவிட்டு, புளி கரைப்பதற்குப் பங்சாரிலிருந்து சுங்கை வே வரை எடுத்துக்கொள்வார். நாங்கள் டிவி பார்க்கும் வாரங்களில் குக்கைக் காணோமே என்றால், சந்தைக்குப் போயிருக்கிறார் என்பார். ஷிப்ட் மாறும் வாசலில் ஏ ஷிப்டும் பி ஷிப்டும் பேசிக்கொள்ளக் கூடாதென்று ஒரு கூட்டத்தை முன்கதவு வழியாக இறக்கி, மற்றதைப் பின்கதவு வழியாக ஏற்றினார். காரணம் கேட்ட காவலாளியிடம், "புது ரூல்" என்றார்.

இப்படியே மொத்தம் நாலு மாதம் போனது. பிறகு தீபாவளி ஒன்றுகூடல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல், தொழிற்சாலை கேண்டீன். இரண்டு ஷிப்டும் ஒரே கூரையின் கீழ். தமிழ்ப் பெண்கள் நிகழ்ச்சி ஒன்று தர வேண்டும் என்றதும் சரோஜா எழுந்து, "பட்டிமன்றம்! இரும்பு யானையில் மிகுந்திருப்பது நிறையா, குறையா? நடுவர், நம்ம நடுவர் அண்ணே!" என்று அறிவித்துவிட்டாள். கை தட்டல். அண்ணே வெள்ளைச் சட்டையில் மேடைக்குப் போன நடை, ஆட்டைக் கோயிலுக்கு இழுத்துப் போவதைப் போல இருந்தது. மேடையேறுமுன் என் காதில், "சரோஜா குறை பேசப் போறா. குக் சாவைத்தான் முதல்ல எடுப்பா. முன்வரிசையில யாரு பாருங்க" என்றார். முன்வரிசையில் பட்டுப் புடவையில் லெச்சுமிக்கா. பக்கத்தில் தமிழே தெரியாத ஜப்பான் மேனேஜர். ஜப்பான் கார்ட்டூனின் குறைகளைப் பேசுகிறார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். தன் நாட்டையே கூண்டில் ஏற்றியதுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அண்ணே கையில் ஒரு சைக்கிள் மணி.

சரோஜா தொடங்கினாள். "நடுவர் அவர்களே! இந்தத் தொடரின் மாபெரும் குறை, அந்தச் சமையல்..."

டிங்! டிங்!

"நேரம் முடிந்தது" என்றார் அண்ணே.

"பத்து செகண்டுதானே ஆச்சு!"

"சுருக்கமா பேசினா அழகு. அடுத்தவங்க."

நிறைப் பக்கம் பேசியவள், எதிரி நின்று கேட்கும் மரியாதையைப் பத்து நிமிடம் புகழ்ந்தாள். மணியே இல்லை. மறுபடி சரோஜா. "நடுவர் அவர்களே, வேறு குறை சொல்கிறேன். மலையிலிருந்து விழுவது." அண்ணே மூச்சு விட்டார். "அப்படி விழுந்தவனே சாகவில்லை, ஆனால் ஒரே அடியில் குக்..."

டிங் டிங் டிங்! மேனேஜர் கைதட்டினார். மணி அடித்தால் கைதட்ட வேண்டும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

சரோஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "என்னாண்ணே இது, பேசவே விடாம சும்மா காச்சாவ் பண்றீங்க! குக் செத்து நாலு மாசம் ஆச்சு! அதைச் சொல்லாம வேற எதைக் குறைன்னு சொல்றது?"

இந்த முறை மணி அடிக்கவில்லை. மேனேஜரும் கை தட்டவில்லை.

லெச்சுமிக்கா எழுந்தார். மேடையைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்:

"அப்ப வியாழக்கிழமை அவர் வெச்ச மீன் கறி?"

நடுவர் அண்ணே மணியைக் கீழே வைத்தார். "நான் வெச்சது, அக்கா" என்றார். லெச்சுமிக்கா முறுக்குத் தட்டைத் தாண்டி, வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

மறுநாள் திங்கள், பி ஷிப்டுக்குக் காலை வேலை. லெச்சுமிக்கா பஸ்ஸுக்கு வரவில்லை. இரண்டு பொது பஸ் மாறி வந்தார். செவ்வாயும் அப்படியே. நடுவர் அண்ணே யாரிடமும் கதை கேட்கவில்லை. இடது பக்கமும் வலது பக்கமும் வாயை மூடிக்கொண்டு வந்தன. விளைவு, பஸ் கால் மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. காவலாளி இன்னும் வாசலைத் திறக்கவில்லை. நாற்பது பெண்கள் வேலிக்கு வெளியே கொசுக்கடியில் நின்றோம். புதன்கிழமை சோப்புத் தொழிற்சாலைக் காவலாளியே எங்கள் வாசலுக்கு வந்து, "அண்ணேக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை அண்ணே என்னிடம் சொன்னார்: "அக்கா என்னைத் திட்டியிருக்கலாம். பஸ்ஸ விட்டுட்டாங்களே, தங்கச்சி. மழையில ரெண்டு பஸ் மாறுறாங்க."

வெள்ளிக்கிழமை காலை ஸ்காட் ரோட்டு முனையில் கதவு திறந்தபோது லெச்சுமிக்கா நின்றுகொண்டிருந்தார். குடையை மடக்கினார். ஏறினார். அவர் உட்காரவில்லை, அண்ணேயின் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஃபெடரல் ஹைவே வந்ததும், சாலையைப் பார்த்தபடியே கேட்டார்:

"இன்னிக்கு என்ன சமைக்கிறார்?"

பஸ் ஒரு பக்கம் சாய்ந்து நேரானது. பின்னால் வந்த லோரிக்காரர் ஹாரனை அழுத்தினார். கண்ணாடியில் அண்ணேயின் கண்கள் இந்த முறை என்னைத் தேடவில்லை.

"வெள்ளிக்கிழமைல்ல, அக்கா. சைவம்தான். சாம்பார்."

"முருங்கைக்காய் போடச் சொல்லுங்க."

"போட்டுட்டார்."

"லைட் டியூட்டிலதானே?"

"ஃபுல் டியூட்டி, அக்கா. இன்னிக்குத்தான் டாக்டர் எழுதிக் குடுத்தார்."

அந்தத் தொடர் கடைசியில் எப்படி முடிந்தது, யார் ஜெயித்தார்கள் என்பதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. அந்தக் குக்கின் முகம் மட்டும் மறக்கவில்லை. கரண்டியோடு அவர் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம், அது நடுவர் அண்ணேயின் முகமாகவே இருக்கிறது.