எறும்பை விற்காதே!

"ஆள் வராத படத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார் அருங்காட்சியக டைரக்டர். "இந்தக் கருத்துப் புத்தகத்தைப் பாருங்க. நாலு மாசத்துல மூணே பேர் எழுதியிருக்காங்க. அதுலயும் ஒருத்தர் கழிப்பறை எங்கேன்னு கேட்டிருக்கார்."

காவலர் எட்டிப் பார்த்தார். உண்மைதான்.

தேசிய அருங்காட்சியகத்தின் மாடியில் தொங்கிய 'ஜன்னலோரப் பெண்' ஓவியத்தை ஒரு பெரும் தொழிலதிபருக்கு விற்பதென்று முடிவாகியிருந்தது. அதற்கு எதிரே பத்தொன்பது வருடமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் நம் காவலர். சக ஊழியர்கள் அவரை 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மனைவியைக் கேட்டால், அந்தப் படம் அவளுக்குச் 'சக்களத்தி'.

படம் போனால் அவரைக் கீழ்த்தளத்துக் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. காலையில் வந்ததும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் ஒரு நாளை எப்படித் தொடங்குவது?

"ஏன் உம்முனு இருக்கீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"விக்கப்போறாங்க."

"எதை?"

"அவளை."

மனைவி துணி மடிப்பதை நிறுத்தினாள். "விட்டது சனியன்னு..." என்று தொடங்கியவள், அவர் முகத்தைப் பார்த்ததும் வார்த்தையை முழுங்கினாள். "புத்தகத்துல எழுத ஆள் இல்லேன்னா நீங்களே எழுதுங்க. யார் கேக்கப்போறா?"

மறுநாள் காவலர் எழுதினார். வலக்கையால் ஓர் ஆசிரியராக, இடக்கையால் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக, பச்சை மையில் ஒரு டாக்டராக, ஆக மொத்தம் பன்னிரண்டு பேராக எழுதித் தள்ளினார். ஆனால் கை எத்தனை மாறினாலும் கண் இரண்டுதானே? ஜன்னலின் கீழ் மூலையில் கடுகளவுக்கு ஓர் எறும்பு வரையப்பட்டிருந்தது. அது எந்தக் கையேட்டிலும் இல்லை. டைரக்டருக்கே தெரியாது. பன்னிரண்டு பேரும் அந்த எறும்பையே புகழ்ந்திருந்தார்கள்.

படம் விற்பனையாவதைப் பற்றி எழுத வந்த பெண் நிருபர் புத்தகத்தைப் புரட்டினார். மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்தது: 'மக்கள் மனம் கவர்ந்த எறும்பு விற்பனைக்கு!'

அவ்வளவுதான். பூதக்கண்ணாடியும் கையுமாக ஊரே மாடிப்படி ஏறியது.

"எறும்பு எங்கேங்க?"

"கீழ் மூலையில. முதல்ல அந்த முகத்தைப் பாருங்கம்மா."

"முகம் கிடக்கட்டும், எறும்பைக் காட்டுங்க!"

சாயங்காலத்துக்குள் வாசலில் 'எறும்பை விற்காதே!' என்று அட்டைகள் முளைத்தன. காவலருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. டைரக்டர் பயந்துபோவார் என்று எதிர்பார்த்தார். அவரோ கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை! இத்தனை பேர் ஆசைப்படற படம்னு தெரிஞ்சதும் தொழிலதிபர் துடிக்கிறார். நாளைக்கே அவரோட செயலாளர் பாக்க வர்றார்."

காவலர் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"இதுக்குப் போய் இடிஞ்சு உக்காரணுமா?" என்றாள் மனைவி. "வர்ற ஆள்கிட்ட படத்தைப் பத்திக் குறையா அள்ளி விடுங்க. வீடு பாக்க வந்தவங்களைப் பக்கத்து வீட்டுக்காரன் விரட்டுவானே, அந்த மாதிரி."

செயலாளர் ஒல்லியாக, கையில் குறிப்பேட்டோடு வந்தார். காவலர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சுண்டுவிரலைப் பாருங்க சார், கொஞ்சம் நீளம். ஓவியர் அதை மூணு தடவை அழிச்சு வரைஞ்சிருக்கார். சாஞ்சு நின்னு பாத்தா சாயம் தடிச்சிருக்கறது தெரியும். மழை நாள்ல முகம் வாடிப்போகும். நாலு மணி வெயில் பட்டா கோவிச்சுக்கிட்ட மாதிரி இருக்கும். காலையில பத்து மணிக்கு மட்டும், சிரிக்கலாமா வேணாமான்னு யோசிக்கிற மாதிரி..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதுவும் தினம் இல்ல சார். வீட்டுக்கு லாயக்கில்லாத படம்."

செயலாளர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். "மழை நாள்ல ஏன் வாடுது?" என்று கேட்டார். காவலர் சொல்லத் தொடங்கினார். முடிக்க முக்கால் மணி நேரமானது.

அன்று மாலையே தொழிலதிபர் விலையை இரண்டு மடங்காக்கினார்.

"திட்டிட்டு வாங்கன்னு அனுப்பினா, கொஞ்சிட்டு வந்திருக்கீங்க!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "நகருங்க. இனி நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை தெருப் பெண்களோடு அவள் அருங்காட்சியகப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். விலை இரண்டு மடங்கான செய்தியும் வெளியாகவே, அதுவரை எறும்பைப் பார்க்காதவர்களுக்கும் ரோஷம் வந்தது. மூன்று நாள் டைரக்டரின் கார் வாசலைத் தாண்ட முடியவில்லை. நாலாம் நாள் அமைச்சரிடமிருந்து போன் வந்தது. விற்பனை ரத்து!

எறும்பைக் காட்டித் தந்த காவலரைக் கூட்டம் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. "என் சக்களத்தி பொழைச்சுட்டா!" என்று மனைவி தேம்பித் தேம்பி அழுதாள். காவலருக்கும் கண்ணீர் நிற்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு சந்தோஷத்தை அவர் கண்டதில்லை.

டைரக்டர் அவரைத் தனியாக அழைத்தார்.

"இனிமே இது நாட்டோட சொத்து. பெரிய கூடம், கண்ணாடிப் பெட்டி, கேமரா, துப்பாக்கியோட எட்டு பேர் காவல். உங்களை இந்த வயசுல சிரமப்படுத்தலாமா? திங்கக்கிழமையிலேர்ந்து நீங்க கிடங்குக்குப் போயிடுங்க."

காவலர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்கினார். மனைவி அதன் ஒரு காலைப் பிடித்துக்கொண்டாள். ரத்தான விற்பனைப் பத்திரங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு காரில் ஏறப்போன செயலாளர், அவரைக் கண்டதும் நின்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க முதலாளி ரொம்ப ஏமாந்துட்டாருங்க. ரெண்டு மடங்கு குடுக்கறதா சொன்னதே, படத்தோட உங்களையும் எங்க வீட்டுக்கு அனுப்பி வைக்கணும்கிற நிபந்தனையோடதானே, உங்க டைரக்டர் சொல்லலையா?"