துப்பாக்கியில் கோளாறு

அளவுக் கருவிகளோடு பிழைப்பு நடத்துகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எது சரியாக நடக்காவிட்டாலும் குறை பொருளில்தான் என்று நினைப்பான். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் பல்சக்கரம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிறவன். சரியில்லாததைத் தூக்கி ஓரமாகப் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். (வீட்டில் அந்த அதிகாரம் கிடையாது.)

என் மாமனாருக்கு ஊர் முத்தாபுதுப்பேட்டை. ஆறடிக்குக் குறையாத ஆள். ஒரு காலத்தில் கடலைக்கொல்லையில் பன்றி இறங்குகிறது என்று லைசென்ஸ் எடுத்து ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கி வைத்திருந்தார். பிறகு கொல்லை மனைகளாயிற்று, பன்றிகளும் வேறு இடம் பார்த்துக்கொண்டன. துப்பாக்கி மட்டும் பீரோவில் தங்கிவிட்டது. எழுபது வயதானதும் லைசென்ஸை வாரிசு பெயருக்கு மாற்றலாம் என்று முடிவு செய்தார். அவருக்கு ஒரே மகள் செல்வி, என் மனைவி. அவர் செல்வியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

“இத்த இனிமே நீங்கதான் வச்சிக்கணும் மாப்ள. ஊட்ல ஆம்பளன்னு வேற யாரு கீறா?”

நான் தூத்துக்குடிக்காரன். கல்யாணமான நாளிலிருந்து தண்ணீர் மோட்டார் சுவிட்சைக்கூட அவர் என்னை நம்பித் தொட விட்டதில்லை. அன்று ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று மீசையை முறுக்கிப் பார்த்தேன். (முறுக்குகிற அளவுக்கு மீசை இல்லை.)

லைசென்ஸுக்குப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். ஊருக்கு வெளியே ஒரு துப்பாக்கி கிளப்பில் சேர்ந்தேன். துணைக்கு இருக்கட்டும் என்று செல்வியும் பெயர் கொடுத்தாள். அங்கே ஓர் இயந்திரம் களிமண் தட்டுகளை வானத்தில் எறியும். பறக்கும்போதே சுட்டு உடைக்க வேண்டும். எங்கள் துப்பாக்கிக்கு இரண்டு விசை. முன்விசை வலது குழலுக்கு, பின்விசை இடது குழலுக்கு.

மாமனாரும் மாமியாரும் செல்வியும் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, நான் முன்விசையை மட்டும் இழுத்தேன். இரண்டு குழலும் அடுத்தடுத்து வெடித்தன. துப்பாக்கியின் பின்கட்டை எகிறிக் கன்னத்தில் அறைந்தது. தட்டு சேதமில்லாமல் தரையிறங்கியது. நானும் தரையிறங்கினேன், சேதத்தோடு.

“டிரிகர்ல கோளாறு மாமா,” என்றேன், உட்கார்ந்தபடியே.

“நாப்பது வர்சமா ஒயுங்காத்தான கீது.”

“உள்ள தேஞ்சிருக்கும்.”

மறுநாள் காவல் நிலையத்தில் லைசென்ஸ் விசாரணை. என் கன்னம் ஆப்பம் போல உப்பியிருந்தது. அதிகாரி அதை நிதானமாகப் பார்த்தார்.

“யாரு அடிச்சா?”

“யாரும் அடிக்கல சார்.”

“எதிரி யாராச்சும் இருக்காங்களா? அதுக்குத்தான் துப்பாக்கி கேக்குறீங்களா?”

“இல்ல சார். துப்பாக்கிதான் அடிச்சது.”

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, செல்வியைத் தனியாகக் கூப்பிட்டு வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். அவள் என்ன பதில் சொன்னாள் என்று இன்றுவரை தெரியாது. வெளியே வரும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

துப்பாக்கியை லைசென்ஸ் உள்ள ஒரு கடையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னோம். கழற்றிப் பார்த்துவிட்டு விசையில் ஒரு குறையும் இல்லை என்று திருப்பித் தந்தார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றுக்கு நடுவே மாமனாருக்குத் தேய்மானம் பற்றிப் பாடம் எடுத்தேன். இரண்டு நல்லி எலும்பை விசைகளாக வைத்து விளக்கினேன். அவர் “ம்” கொட்டிக் கேட்டுவிட்டு, விளக்கம் முடிந்ததும் எலும்பை எடுத்துக்கொண்டார்.

அடுத்த முறை கிளப்பில் மறுபடி முன்விசை, மறுபடி இரண்டு வெடி. இந்தத் தடவை உதடு கிழிந்தது.

“பாத்தீங்களா,” என்றேன், ரத்தத்தைத் துப்பிவிட்டு. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். பயிற்சியாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. “யாரு சுட்டாலும் இப்பிடித்தான் சார் ஆகும். வேணும்னா இவ சுடட்டும்.”

(கெட்டுப்போன துப்பாக்கி என்று நம்புகிறவன் அதைப் பெண்டாட்டி கையில் எதற்குக் கொடுத்தான் என்று மாமியார் பிறகு கேட்டார்.)

செல்வி துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டு வந்தாள். கட்டை அவள் தோளில் அப்படியே அமர்ந்தது. ஒரு தட்டு பறந்தது. வலது குழல் மட்டும் வெடித்தது; தட்டு பொடியானது. இன்னொன்று பறந்தது. இடது குழல். அதுவும் பொடி.

சொல்ல வந்ததைப் பயிற்சியாளரால் அப்போதுதான் சொல்ல முடிந்தது. கட்டை மாமனாரின் கைக்கு ஏற்ற நீளம். என் கைக்கு எட்டாததால் அது தோளில் பதியாமல் புஜத்தில் தொற்றி நிற்கிறது. முதல் வெடியில் துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது பிடி நழுவி, என் விரலே பின்விசையையும் இழுத்துவிடுகிறது.

“டிரிகர்ல ஒண்ணுமில்ல சார். துப்பாக்கிக்கு நீங்கதான் பொருந்தல.”

மாமனார் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. மகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அசப்பில் அவர் கைகளேதான், அதே நீளம்.

“கட்டைய ஒரு இஞ்ச் அறுத்துட்டா எனக்குச் சரியாயிரும் மாமா,” என்றேன்.

“கட்டைய இன்னாத்துக்கு அறுக்கணும்? ஆள மாத்திக்கலாம்.”

வீட்டுக்குப் போகிற வழியில் சென்னீர்குப்பம் தாண்டும்போது “கோவமாங்க?” என்று செல்வி கேட்டாள். இல்லை என்றேன். அவமானமாக இருந்தது, உண்மை. ஆனால் அந்தத் துப்பாக்கியை இனித் தொட வேண்டாம் என்பதில் இருந்த நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது.

லைசென்ஸ் செல்வி பெயருக்கு வந்தது. கிளப் போட்டியில் அவள் வாங்கிய கோப்பை டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தூசி தட்டுவது என் பொறுப்பு. உறவுக்காரர் கல்யாணங்களில் மாமனார் என்னை எல்லோருக்கும் இப்படித்தான் அறிமுகம் செய்துவைக்கிறார்: “நம்ம மாப்ள. தங்கமான ஆளு. கைதான் ஒரு இஞ்ச் கம்மி.”

கேட்டவர்கள் உடனே என் கையைப் பார்ப்பார்கள். இப்போதெல்லாம் நான் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் கல்யாணத்துக்குப் போகிறேன்.