நாலு மாடி ஏறிய கடுகுச் செடிகள்

மொட்டைமாடியின் வெயில் மூலையை மனைவியிடமிருந்து கைப்பற்றியே தீருவது என்று சபதம் எடுத்தேன். என் சாய்வு நாற்காலிக்கு அதைவிட்டால் இந்த அண்டத்தில் வேறு இடம் கிடையாது. அவளோ அங்கே செடிதான் வைப்பேன் என்கிறாள். கடைசியில் ஓர் ஒப்பந்தம். ஆளுக்கொரு வரிசை முட்டைக்கோஸ். யாருடையது புழு விழாமல் தப்புகிறதோ, மூலை அவருக்கு.

நாற்றுக்கடைக்காரரிடம் ரகசியமாக யோசனை கேட்டேன்.

"சார், இந்த வெள்ளைப் பட்டாம்பூச்சி வாசனையைப் பிடிச்சுத்தான் வந்து முட்டை போடும். கடுகு வாசனைன்னா அதுக்கு உயிர். பக்கத்துல புதினா இருந்தா குழம்பிப் போயிடும்."

போதாதா எனக்கு? என் கோஸைச் சுற்றிப் புதினா, அவள் கோஸைச் சுற்றிக் கடுகு. ஊரிலுள்ள பட்டாம்பூச்சியெல்லாம் குடும்பத்தோடு அவள் பக்கம் விருந்துக்குப் போகும்!

லிஃப்ட் இல்லாத வீடு. தொட்டிகளை நாலு மாடி தூக்கி ஏறியதில் என் முதுகெலும்பு இடம் மாறி வயிற்றுப் பக்கம் வந்துவிட்டது.

"என்னங்க இதெல்லாம்?"

"உனக்குத்தாம்மா. பூத்தா அழகா இருக்கும்னு..."

"கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து ஒத்தைப் பூ வாங்கித் தந்ததில்ல. இப்ப தொட்டி தொட்டியாவா?"

"அன்பு கொஞ்சம் லேட்டா முளைச்சிருக்கு."

"வாடாம இருந்தா சரி. ஆமா, உங்க புதினா தளதளன்னு இருக்கே. டீக்கு ரெண்டு கிள்ளிக்கட்டுமா?"

அன்பைப் பற்றிப் பேசிய வாயால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கிள்ளினாள். தினமும் கிள்ளினாள். கீழ்வீட்டு அக்காவுக்கும் கிள்ளிக் கொடுத்தாள். என் கோஸைச் சுற்றி மிஞ்சியது மொட்டைக் காம்புகள்தான்.

பட்டாம்பூச்சிகள் வந்தன. அவள் பக்கம் போனவை கடுகிலேயே சொக்கி, முட்டையெல்லாம் அதிலேயே போட்டன. அவள் கோஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடுகில் இடம் கிடைக்காதவை என் பக்கம் வந்தன. என் கோஸ் இலையில் நீங்கள் மாவு சலிக்கலாம்.

கடைக்காரரோடு சண்டைக்குக் கிளம்பினேன்.

"அவரை ஏங்க திட்டப் போறீங்க? நான் சொல்லச் சொன்னதைத்தானே சொன்னாரு."

"நீயா?"

"பூச்சியையெல்லாம் கடுகு தன் பக்கம் இழுத்துக்கிட்டா என் கோஸ் தப்பிச்சிடும். ஆனா இந்த முட்டி வலியோட நாலு மாடி யாரு தூக்குறது? உங்களைத் தூக்கச் சொன்னா நாளைக்கு, நாளான்னைக்கும்பீங்க. என்னைக் கவுக்கணும்னா பறந்து வருவீங்கன்னு தெரியும்."

என் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது.

"சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க. நாற்காலியை அந்த மூலையிலேயே போட்டுக்கோங்க. அடுத்த தடவை ரெண்டு பேரும் சேர்ந்தே நடுவோம்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

மறுநாள் காலை இளவெயிலில் மகாராஜாவாகச் சாய்ந்து கண்ணை மூடினேன். தரதரவென்று சத்தம். கண்ணைத் திறந்தால் இரண்டு பக்கமும் கடுகுத் தொட்டிகள், மடியில் ஒரு கிண்ணம்.

"புழுவைப் பொறுக்கி இதுல போடுங்க. நீங்க எழுந்திரிக்கவே வேணாம்."