புடைத்த நம்பரும் குழிந்த நம்பரும்

மதிப்புக்கும் அச்சத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை, உங்கள் கார் மூவரும் இருக்கிறோம். எங்களில் யாருடைய நலம் உங்களுக்கு முக்கியம் என்று தெரியுமாதலால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்: கார் மிகவும் நலம். மற்ற இருவருக்கும் லேசான இடுப்பு வலி. அங்கே வீட்டில் எல்லோரும், முக்கியமாக உங்கள் ரத்த அழுத்தமும், சீராக இருக்கும் நேரமாகப் பார்த்து இதைப் படிக்கவும். உட்கார்ந்து படிப்பது உத்தமம்.

உங்கள் கடிதம் வந்தது. பழைய கார் சங்கத்துப் பரிசோதகரோடு அடுத்த வாரம் வருவதாகவும், அதற்குமுன் டிக்கிக்குள் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள எண்களையும், எஞ்சினில் அடித்திருக்கும் எண்ணையும் பார்த்து எழுதும்படியும், இரண்டும் ஒத்துப்போனால் கார் அசல் என்று சான்றிதழ் கிடைக்கும், ஒத்துப்போகாவிட்டால் "நீங்க..." என்றும் எழுதியிருந்தீர்கள். 'நீங்க'வுக்குப் பிறகு மூன்று புள்ளிகள். இருபத்திரண்டு வருட உறவில் உங்கள் பேச்சைவிட உங்கள் புள்ளிகளுக்குத்தான் நான் அதிகம் பயந்திருக்கிறேன்.

பயத்துக்குக் காரணம் உண்டு. நீங்கள் காரை என் ஷெட்டில் விட்டுவிட்டுப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதற்கு ஏதாவது சேவை செய்யலாமே என்று பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன். ரேடியேட்டர் குடிக்கவில்லை. ஏனென்றால் நான் ஊற்றியது எஞ்சின் ஆயில் ஊற்றும் வாயில். இரண்டு லிட்டர். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர், மச்சான். அந்த அளவுக்குப் பொறுப்போடுதான் செய்தேன். பிறகு வண்டியைக் கிளப்பியும் பார்த்தேன். அதோடு அது நின்றுவிட்டது. காதுக்காரர் என்று நாங்கள் சொல்லும் மெக்கானிக், எஞ்சின் மேல் ஒரு குச்சியை வைத்து மறுமுனையில் காதை வைத்து நோய் சொல்லுகிறவர், வந்து கேட்டுவிட்டு, "இறக்கணும்" என்றார். எஞ்சினை இறக்கினார்கள். மூன்று மாதம் பட்டறையில் கிடந்தது. இதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று அன்றே நினைத்தேன். நினைத்துக்கொண்டே நான்கு வருடம் ஓடிவிட்டது.

உண்மையான பயம் இதுவல்ல. இந்தக் கார் ஒரே உருவத்தில் இரண்டு பிறவி எடுத்தது உங்களுக்குத் தெரியாததல்ல: ஒன்று குடும்பஸ்தன், இன்னொன்று வேகக்காரன். உங்களுடையது இரண்டாவது. நம் எஞ்சின் கிடந்த பட்டறையிலேயே ஒரு குடும்பஸ்தன் காரும் எஞ்சின் இறக்கி நின்றது. திரும்பி வந்த நம் கார் முன்போல உறுமவில்லை. பூனை போல முனகியது. இரண்டு பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியில் மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று அன்று தொடங்கிய சந்தேகம்.

சரி, ஆனது ஆகட்டும் என்று முதலில் டிக்கியைத் திறந்து அந்தத் தாளைப் பார்த்தேன். மூன்று மூன்று இலக்கமாக முப்பத்தோரு எண்கள், கடைசி வரியில் எட்டு இலக்கத்தில் ஒன்று. நான் பார்த்தால் லாட்டரி முடிவு; ஸ்டோர்ஸ் அக்கா பார்த்தால் குடும்ப வரலாறு. கார்க் கம்பெனி உதிரிபாகக் கவுண்டரில் இருபத்தாறு வருடம் நின்று ஓய்வு பெற்றவர், எங்கள் தெருக்கோடியில் இருக்கிறார். எண்களை எழுதிக்கொண்டு நானும் உங்கள் தங்கையும் போனோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தாமலே படித்தார்.

"ஃபாக்டரில முதல் முதலா இந்த வண்டிய ஆர்டர் பண்ணினவன் என்னென்ன கேட்டானோ அதெல்லாம் இதுல இருக்கு தம்பி. பாருங்க, சாம்பல் கிண்ணம் வேண்டாம்ங்கிறான், லைட்டர் மட்டும் வேணும்ங்கிறான். சிகரெட்ட விட்டுட்டேன்னு வீட்ல சொல்லியிருக்கான்."

"அட!"

"சூடு பண்ற சீட்டு, பக்கத்து சீட்டுக்கு மட்டும். தனக்குக் கேக்கல."

உங்கள் தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வெண்டைக்காயைப் பார்த்தேன்.

"இதப் பாருங்க கூத்த. இருக்கிறதிலேயே வேகமான வண்டிய வாங்கிட்டு, பின்னாடி பேர்ப்பட்டை மட்டும் வேண்டாம்னு எழுதியிருக்கான். என்ன வண்டின்னு தெரிஞ்சுடக் கூடாதாம்."

"யாருக்குக்கா?"

"சூடான சீட்ல உக்காந்தவங்களுக்குத்தான்!"

மச்சான், நீங்கள் அந்தக் காரைக் கைமாறி வாங்கி ஒரு மாதம் கழித்து, பின்னால் பேர்ப்பட்டை இல்லாததைக் கண்டு, பக்கத்து வீட்டுக்காரர்தான் பெயர்த்துக்கொண்டார் என்று அவரோடு பேச்சை நிறுத்தினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அது பிறக்கும்போதே கிடையாதாம். அவருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், பாவம்.

கடைசியில் அக்கா எஞ்சின் வரிக்கு வந்தார். "இருபத்தெட்டுல ஆரம்பிக்குது. வேகக்கார எஞ்சின். எஞ்சின் மேலயும் இருபத்தெட்டுல ஆரம்பிச்சா கவலையில்ல. பதினாலுன்னா குடும்பஸ்தன்."

வீட்டுக்கு ஓடினேன். டார்ச்சோடு பானெட்டுக்குள் தலையை விட்டேன். பிசுக்கைத் துடைத்தால், விரலுக்குத் தட்டுப்படும்படி புடைத்துக்கொண்டு, குழந்தைகூடப் படிக்கும் பெரிய எழுத்தில் ஒரு நம்பர். பதினாலு.

அடுத்த இரண்டு நாள் நான் மனிதனாக இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. உங்களுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிப் பார்த்தேன்; அழுகை வருவதற்குப் பதில் ஆத்திரம் வந்தது. அதுவும் உங்கள்மேல் வர தைரியமில்லாமல், முகம் தெரியாத அந்தப் பரிசோதகர்மேல் வந்தது. அடுத்தவன் எஞ்சினுக்குள் தலையை விட்டு நம்பர் தேடுவதற்கென்று ஒருவர் பூதக்கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறார் என்றால், அவர் வீட்டில் அவரோடு யாரும் பேசுவதில்லை என்றுதானே பொருள்? மூக்கை நுழைப்பதற்குச் சங்கம் வைத்துச் சந்தா வேறு கட்டுகிறார்கள்!

மூன்றாம் நாள் உங்கள் தங்கை கேட்டாள்: "ஏங்க, ரெண்டு நாளா நான் என்ன சொன்னாலும் சரிங்கறீங்களே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

கொட்டிவிட்டேன். தண்ணீரில் தொடங்கிப் பதினாலு வரைக்கும். திட்டுவாள் என்று பார்த்தால், செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, அக்காகிட்டயே கேட்டுடலாம்" என்று முன்னால் நடந்தாள். உங்கள் குடும்பத்தில் நல்ல ரத்தம் முழுக்க ஒரே இடத்தில்தான் இறங்கியிருக்கிறது மச்சான்.

அக்கா கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "புடைச்சுக்கிட்டு இருந்துச்சா, குழிஞ்சிருந்துச்சா?"

"புடைச்சுக்கிட்டுதான்."

"போங்க தம்பி! அது வார்ப்பு நம்பர். இரும்ப உருக்கி அச்சுல ஊத்தும்போதே வர்றது. ரெண்டு வகைக்கும் ஒரே அச்சு, அதனால எல்லாத்துலயும் பதினாலுதான் இருக்கும். கூடு ஒண்ணு, உள்ள வைக்கிற சரக்குதான் வேற. பிறந்த நம்பர் தனியா, தட்டையான ஒரு இடத்துல, குழிவா அடிச்சிருப்பாங்க. அதத் தேடாம, கண்ணுக்குத் தெரிஞ்சத படிச்சுட்டு வந்து நிக்கிறீங்க!"

மறுபடியும் பானெட். இந்த முறை உங்கள் தங்கை டார்ச் பிடித்தாள். அடியில், ஒரு குழாய்க்குப் பின்னால், தீப்பெட்டி அளவுக்குத் தட்டையான இடம். கண் எட்டவில்லை, கை எட்டியது. ஒரு தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தீற்றினேன். தாளில் ஏதோ கோடு கோடாக விழுந்தது. நடுவில் மெல்ல, வெள்ளை வெள்ளையாக எண்கள் எழும்பின. இரண்டு. எட்டு. மீதி ஆறு இலக்கமும் டிக்கித் தாளில் இருப்பது போலவே, ஒன்று பிசகாமல்! ஷெட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன் மச்சான். நெஞ்சிலிருந்து எஞ்சினை இறக்கி வைத்தது போல இருந்தது. உங்கள் தங்கை என் முகத்தைத் துடைத்துவிட்டாள். கையில் இருந்தது எண்ணெய்த் துணி என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்படியானால் உறுமல் எங்கே போயிற்று என்று காதுக்காரரிடம் கேட்டேன். "சைலன்ஸர்ல ஓட்டை இருந்துச்சு சார். எஞ்சின் இறக்கும்போது அதையும் அடைச்சு விட்டேன். சொல்லலையா?" என்றார். ஊரெல்லாம் கூட்டி வைத்து நீங்கள் கேட்கச் சொன்ன அந்தக் கர்ஜனை, ஓட்டை.

ஆகவே கவலையின்றி வாருங்கள். கார் அசல், எஞ்சின் அசல், காவலனும் கிட்டத்தட்ட அசல். பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, நடுவில் இருப்பவர்களுக்கு எங்கள் அனுதாபம்.

இப்படிக்கு,
நான்கு வருடத்துக்குப் பிறகு பசியெடுத்துச் சாப்பிட்ட
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது அக்காவிடமிருந்து போன். "தம்பி, அந்தப் பரிசோதகர் வந்து பாக்குற வரைக்கும் அந்தத் தட்டையான இடத்தத் தொடாதீங்க. அழுக்கா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

"அழுக்கா? காலைலதான் குழாயக் கழட்டிட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன்க்கா. முகம் பாக்கலாம்!"

அக்கா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனிலேயே கேட்டது. பிறகு சொன்னார்: ஃபாக்டரியில் சீவிய மெல்லிய கோடுகள் அந்த இடத்தில் இருக்குமாம். அதைப் பார்த்துத்தான் அசல் என்பார்களாம். தேய்த்திருந்தால், பழைய நம்பரை அழித்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறான் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்களாம். இனி அந்தக் கோடுகளுக்கு உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி, நான் பென்சில் தீற்றிய தாள். அது பத்திரமாக உங்கள் கையில்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை அதன் முதுகில்தான் எழுதினேன். அப்போது கைக்கு எட்டியது அதுதான். பரிசோதகரையும் அவருடைய பூதக்கண்ணாடியையும் பற்றி எழுதியிருக்கும் பக்கம் அது. வெட்டி ஒட்டலாமா என்றால், "வெட்டின தாள எவன் நம்புவான்?" என்கிறார் அக்கா. ஆகவே பரிசோதகரிடம் முழுசாகக் கொடுங்கள், பென்சில் பக்கம் மேலே தெரியும்படி. அவர் திருப்பிவிட்டால், பின்பக்கம் மட்டும் போலி என்று சொல்லிவிடுங்கள்.