அப்பாவின் காதுக்குள் ஒரு ஃபிரிட்ஜ்

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் மாமாவுக்கும் வணக்கத்துடன் தங்கை எழுதுவது. எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னித்துக்கொள். போனில் என்றால் பாதி வாக்கியத்திலேயே வைத்துவிடுவேன், உனக்குத்தான் தெரியுமே. அவசரம் ஒன்றுமில்லை. நீ கிளம்பி வரவேண்டிய விஷயமும் இல்லை. இங்கே எல்லோரும் நலம், ஃபிரிட்ஜைத் தவிர.

அப்பாவுக்குக் கொஞ்ச காலமாக 'கொய்ங்' என்று ஒரு சத்தம் விடாமல் கேட்கிறது. முதலில் ஃபிரிட்ஜ்மேல் பழியைப் போட்டுப் பிளக்கைப் பிடுங்கினார். பால் திரிந்தது, சத்தம் போகவில்லை. அடுத்து, மோட்டாரை அணைப்பதே இல்லை என்று மாடிவீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போனார்; அவர் வீட்டில் மோட்டாரே கிடையாது. கடைசியில் எலக்ட்ரீஷியன் வந்து மெயினை அணைத்துவிட்டு, "இப்போ கேக்குதாண்ணே?" என்றார்.

"கேக்குதே."

"வீட்ல கரண்டே இல்லண்ணே."

"அதத்தான் நானும் கேக்கறேன். கரண்டே இல்லாம எப்படி ஓடுது?"

எலக்ட்ரீஷியன் என் பக்கம் திரும்பி, "இது என் லைன் இல்லம்மா, காது டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். அங்கே அப்பாவைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அப்பா உட்கார்ந்ததுமே அழுத்து அழுத்து என்று அழுத்தினார். சோதிக்கிற பெண் கதவைத் திறந்து, "ஐயா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றாள். "எனக்கு அதுக்கு முன்னாடியே கேக்குதும்மா" என்றார் பெருமையாக.

பட்டறையில் தகரமூடி அடிக்கும் மிஷின் பக்கத்திலேயே காலம் தள்ளியதில், மெல்லிய ஒலிகளைப் பிடிக்கும் சக்தி காதில் போய்விட்டதாம். "வரவேண்டிய சத்தம் வரலைன்னா மூளை சும்மா இருக்காதும்மா. எங்கே எங்கேன்னு தேடித் தேடி, அதுவே ஒண்ணை உண்டாக்கிக்கும்" என்றார் டாக்டர். இந்தக் 'கொய்ங்' முழுசாகப் போகும் என்று சொல்ல முடியாதாம். காதுக் கருவி மாட்டினால் வெளிச்சத்தம் உள்ளே வந்து இது கொஞ்சம் அடங்கலாமாம். இத்தனை நாள் எப்படிச் சமாளித்தார் என்று டாக்டருக்கே ஆச்சரியம். பட்டறையில் எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தானே பேசிக்கொள்வார்கள்? நம்மையும் சின்ன வயதிலிருந்து எதிரே வந்து நின்று பேசச் சொல்வாரே, அது மரியாதைக்காக என்றே நான் நினைத்திருந்தேன்.

போனில் உதடு ஏது? யார் என்ன சொன்னாலும் "ஆமாம்மா, ஆமா"தான். தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷினோடு ஒருவர் வாசலில் வந்து நின்று, "சார்தானே போன்ல வரச்சொன்னார்?" என்றபோதுதான் எனக்கு உறைத்தது.

உன் கல்யாணத்துக்குப் பிறகு நீ அப்பாவுக்கு ஒரே ஒரு தடவை போன் செய்தாய். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "இன்னும் எம்மேல கோபமாப்பா?" என்றாய். "ஆமாம்மா, ஆமா" என்றார். நீ வைத்துவிட்டாய். அவர் போனை வேட்டியில் துடைத்து மேசைமேல் வைத்து, "நல்லா இருக்காளாம்" என்றார். மழுப்புகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கருவி வாங்கலாம் என்றால் மாட்டேன் என்கிறார். "யார் பேச்சைக் கேக்கறதுக்கு?" என்கிறார்.

நீயும் மாமாவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வரி பதில் போட்டால் போதும். வரவேண்டாம், வீண் அலைச்சல்.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: 'வரவேண்டாம்' என்று மேலே எழுதியதெல்லாம் என் கூச்சம். அடித்தால் பக்கம் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். வா அக்கா. வந்து, முகத்தில் வெளிச்சம் விழும்படி அவருக்கு எதிரே நின்று, அதே கேள்வியை இன்னொரு தடவை கேள்.